29 தெரியாத வாட்ச்

2021 டிசம்பரில் 450 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் வாட்ச். கறுப்பு ரப்பர் பட்டை, சதுர முகம், இடப்பக்கம் இரண்டு பொத்தான், வலப்பக்கம் ஒன்று. விளக்குப் பொத்தானை அமுக்கினால் கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம் வரும், இருட்டில் மணி தெரிய கையை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம், கடையில் இதே முகத்தோடு ஏழெட்டு வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு மேலாகக் கட்டுகிறேன், இன்னும் முதல் பேட்டரிதான். பாத்திரம் கழுவி, மழையில் நனைந்து, ஒரு தடவை துணியோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள்ளும் போய் வந்துவிட்டது, உள்ளே ஒரு பொட்டு ஈரம் ஏறவில்லை. பட்டை மூன்றாம் வருஷம் விரிசல் விட்டது, 60 ரூபாயில் வேறு மாட்டியாயிற்று. மாதத்துக்கு 20 விநாடி முந்துகிறது, அதாவது வருஷத்துக்கு 4 நிமிடம். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இனி குறை. 2024 பிப்ரவரி 29 காலையில் ஒரு வங்கியில் நின்றுகொண்டு, கையைப் பார்த்துச் சலானில் 1.3.2024 என்று எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்த அம்மா சலானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பிப்ரவரி இன்னும் முடியலீங்களே சார்" என்றார். வாட்ச்சில் கிழமை வியாழன் என்று சரியாகவே இருந்தது, தேதி மட்டும் 1. நள்ளிரவில் 28-ஐத் தாண்டியதும் நேரே மார்ச்சில் போய் விழுந்திருக்கிறது.

வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "தம்பி, இதுல மணி வைக்கலாம், தேதி, கிழமை, மாசம் எல்லாம் வைக்கலாம். வருஷம் வைக்க எங்கயாச்சும் இடம் இருக்கா பாருங்க." பார்த்தேன், இல்லை. எந்த வருஷம் என்றே தெரியாத வாட்ச்சுக்கு லீப் வருஷம் எப்படித் தெரியும்? பிப்ரவரி என்றால் 28, அவ்வளவுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது. நாமே கையால் 29 வைத்தால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, மறுநாள் மார்ச் 1-க்கு ஒழுங்காகப் போகிறது.

வீட்டில் பையன் கேட்டான், இந்த 29 எதற்கு, எல்லா வருஷமும் 365 என்று வைத்துவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று. முழுகும், ஆனால் மெதுவாக. பருவங்கள் ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வர 365 நாளும் 5 மணி 48 நிமிடம் 45 விநாடியும் ஆகிறது. அந்த ஐந்தே முக்கால் மணிச் சில்லறையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நூறு வருஷத்தில் 24 நாள் பிசகும். இப்போது மே முதல் வாரத்தில் மண்டையைப் பிளக்கிற வெயில் அப்போது மே கடைசியில்தான் ஆரம்பிக்கும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது உச்சத்தில் நிற்கும். எழுநூற்றைம்பது வருஷம் விட்டால் அதே வெயில் நவம்பரில்.

சரி, நாலு வருஷத்துக்கு ஒரு நாள் சேர்த்தால் போதுமே என்று ஜூலியஸ் சீசர் காலத்தில் முடிவு செய்தார்கள். ஆனால் நாலு வருஷச் சில்லறையைக் கூட்டினால் 23 மணி 15 நிமிடம்தான் வருகிறது, இவர்கள் சேர்ப்பதோ முழுசாக 24. வருஷத்துக்கு 11 நிமிடம் அதிகம். 450 ரூபாய் வாட்ச் 4 நிமிடம்தான் தப்புகிறது, ஐரோப்பா முழுக்க ஓடிய காலண்டர் 11 நிமிடம் தப்பியது, அதையும் 1600 வருஷமாக யாரும் திருத்தவில்லை! கடைசியில் 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாளைத் தூக்கினார், அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. நூற்றாண்டு வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் என்ற விதியும் அப்போது வந்ததுதான். 1900-க்கு 29 கிடையாது, 2000-க்கு உண்டு, 2100-க்குக் கிடையாது.

போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. அதனால் நம் பக்கத்தில் ஒரு கூத்து: ஆங்கிலக் கம்பெனி இருந்த சென்னையில் ஒரு தேதி, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த புதுச்சேரியில் 11 நாள் தள்ளி இன்னொரு தேதி. 1746-இல் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள், தோற்றவர் கணக்கில் செப்டம்பர் 10, ஜெயித்தவர் கணக்கில் செப்டம்பர் 21. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் இல்லை, அது அட்சய வருஷத்துப் புரட்டாசி. நம் மாதங்கள் சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறப்பதால் தனியாக லீப் நாள் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. பொங்கல் 2024-இல் ஜனவரி 15-ஆகவும் 2025-இல் 14-ஆகவும் வந்ததற்குக் காரணம் தை மாதம் இல்லை, நடுவில் வந்து போன அந்த 29-தான். (நம் கணக்கிலும் ஓட்டை உண்டு, சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் பருவத்தை விட்டுத் தள்ளிப் போகிறது. அதை எழுதினால் பஞ்சாங்கச் சண்டை வரும்.)

வாட்ச்சுக்கு வருகிறேன். லீப் வருஷம் தெரிந்த முள் வாட்ச்சும் இருக்கிறது, பர்பெச்சுவல் காலண்டர் என்பார்கள். நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்று உள்ளே இருக்கும், 48 மாதத்துக்கும் அதில் ஏற்ற இறக்கமாக வெட்டு வெட்டியிருப்பார்கள், அந்த ஆழத்தை வைத்து இது 28, இது 29, இது 30 என்று வாட்ச் தெரிந்துகொள்ளும். அபாரமான வேலை. விலை லட்சங்களில். அதுவும் 2100-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐக் காட்டி என்னை மாதிரி எவரையோ வங்கியில் நிற்க வைக்கும், ஏனென்றால் அந்தச் சக்கரத்துக்கு நூற்றாண்டு விதி தெரியாது. சாதாரண முள் வாட்ச்சில் தேதிச் சக்கரம் 31 வரை ஓடும், வருஷத்துக்கு ஐந்து தடவை நாம் திருக வேண்டும். என்னுடையது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது விளக்குக்கு, 29-க்கு இல்லை. தாராளமாக வாங்கலாம். அடுத்த 29, 2028 பிப்ரவரியில், செவ்வாய்க்கிழமை. "வாட்ச்சைத் திருத்து" என்று போனில் இப்போதே ரிமைண்டர் போட்டாயிற்று.