ஸ்டார் டிராக்கரா, கைரோவா? விண்கலத்தின் திசையறிய எதை நம்பலாம்

கைரோ வெளியே எதையும் பார்ப்பதில்லை. கலம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும் அளக்கும். அதைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் திசையைக் கணக்கிட வேண்டும். அதிர்வோ இருட்டோ அதற்குப் பொருட்டில்லை. ஆனால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். மணிக்கு 1 டிகிரி விலகும் கைரோ 10 நிமிடத்தில் 0.17 டிகிரிதான் தவறும். ஒரு நாள் விட்டால் 24 டிகிரி.

அதனால் சில நிமிடங்களில் சுற்றுப்பாதையை எட்டும் ராக்கெட்டுக்கு நல்ல கைரோவே போதும். டிரைடன்ட் ஏவுகணை விதிவிலக்கு. நீர்மூழ்கியிலிருந்து கிளம்புவதால் புறப்பட்ட இடமும் திசையுமே துல்லியமாகத் தெரியாது. வளிமண்டலத்தைத் தாண்டியபின் விண்மீனைப் பார்த்து அந்தப் பிழையைத் திருத்திக்கொள்கிறது.

ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செயற்கைக்கோளுக்கு என் தேர்வு ஸ்டார் டிராக்கர். கேமரா வானைப் படமெடுக்கும். ஒளிப்புள்ளிகளுக்கு இடையிலான கோணங்களை நினைவகத்திலுள்ள விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, முன்தகவல் ஏதுமின்றியே திசையைச் சொல்லிவிடும். துல்லியம் சில ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). 500 கி.மீ. உயரத்தில் 10 ஆர்க்செகண்ட் பிழை என்றால் தரையில் சுமார் 24 மீட்டர் விலகல், 0.1 டிகிரி பிழை என்றால் 870 மீட்டர். ஆனால் கேமரா பார்க்கும் அச்சைச் சுற்றிய திருப்பத்தில் அதன் துல்லியம் பல மடங்கு குறைவு. வெவ்வேறு திசை பார்க்க இரண்டு டிராக்கர்கள் பொருத்துவது அதனால்தான். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சூரியன் கண்ணில் பட்டால் அதற்குப் பார்வை போய்விடும். கலம் வேகமாகச் சுழன்றால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். அந்த நேரங்களில் கைரோதான் கைகொடுக்கும்.

இந்தக் கூட்டணியும் கவிழும். 2016 மார்ச்சில் ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர் ஆய்வகத்தில் டிராக்கரின் தரவு தடைபட்டது. கைரோவுக்கான பிழைத் திருத்தம் மணிக்கு 21.7 டிகிரி என்ற தவறான மதிப்பிலேயே நின்றுவிட்டது. சுழலாத கலம் சுழல்வதாகக் கணினி நம்பியது. அதைத் தடுக்கப்போய் உண்மையிலேயே சுழற்றிவிட்டது. பிறகு தவறான கட்டளை மதிப்புகளுடன் இயங்கிய உந்துபொறிகள் சுழற்சியை இன்னும் கூட்ட, சூரியத் தகடுகள் பிய்ந்துபோயின.

அதில் சூரிய உணரியும் இருந்தது. திசைக் கணக்கைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் வேதனை. சூரிய உணரி எளிமையானது. சூரியத் திசையைச் சுற்றிய திருப்பம் அதற்குத் தெரியாது, பூமியின் நிழலில் ஊமையாகிவிடும். ஆனாலும் கணக்கிட்ட இடத்தில் சூரியன் இல்லை என்று அது சொன்னால், மற்ற இரண்டையும் கேட்காமலேயே கலம் பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி அமைக்க வேண்டும்.