வீட்டு வாசலுக்கே வந்து கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் ஆட்கள்: பெங்களூர் ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

"ஏடிஎஃப், ஃபில்டர், மெஷின் ஃப்ளஷ் எல்லாம் உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே, இரண்டே மணி நேரம் சார்" என்று சொல்லி வரும் ஆட்களைப் பற்றிய பதிவு இது. ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்; மெஷின் ஃப்ளஷ் என்றால் மெஷினை மாட்டிப் பழைய ஆயிலைத் தள்ளிவிட்டுப் புதியதை நிரப்புவது. பொம்மனஹள்ளி பக்கம் ஒரு பேஸ்மென்ட்டில் நடந்தது. வண்டி, ஹூண்டாய் 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆட்டோமேட்டிக், 82,000 கி.மீ. ஓடியது. பில்லில் இருந்தது இதுதான்: எஸ்பி-4 (இந்த கியர்பாக்ஸுக்கு ஹூண்டாய் சொல்லும் ஏடிஎஃப் வகை) ஆயில் 8 லிட்டர் 7,600 ரூபாய், ஃபில்டரும் கேஸ்கெட்டும் 2,850, மெஷின் ஃப்ளஷ் 2,500, கூலி 1,500. மொத்தம் 14,450. ஜிஎஸ்டி எண் கிடையாது, வண்டி ஓடிய கிலோமீட்டரும் எழுதவில்லை.

முதலில் ஃபில்டர். இந்த கியர்பாக்ஸில் கீழே கழற்றக்கூடிய ஆயில் பேனே, அதாவது ஆயில் தேங்கும் அடித்தட்டே, கிடையாது. வால்வ் பாடிக்கு (ஆயில் அழுத்தத்தால் கியர் மாற்றும் பாகம்) பக்கவாட்டில் ஒரு மூடி, அவ்வளவுதான். ஃபில்டர் உறைக்கு உள்ளே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கி உறையைப் பிரிக்க வேண்டும், ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை. "பழைய ஃபில்டரைக் காட்டுங்க" என்றதும் கறுப்பேறிய தட்டையான ஒன்று எடுத்துக் காட்டப்பட்டது. அடியில் பேனிலிருந்து ஆயில் உறிஞ்சும் வாய் அதில் அப்படியே இருந்தது. பேனே இல்லாத கியர் பெட்டியிலிருந்து பேன் ஃபில்டர்! வேறு ஏதோ வண்டியில் கழற்றியதை டிக்கியில் போட்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார்கள் போல.

அடுத்தது ஆயில். பேஸ்மென்ட் உலர் குப்பை டிரம்மில் கிடந்த காலி டின்கள் நான்கு. நான்குமே ஒரு லிட்டர். லேபிளில் இருந்தது "மல்டி-வெஹிகிள் ஏடிஎஃப்". எஸ்பி-4 என்ற பெயர் பின்பக்கப் பொடி எழுத்தில், "இதற்கும் பயன்படுத்தலாம்" என்ற நீண்ட பட்டியலில் எஸ்பி-3, டெக்ஸ்ரான் என்ற மற்ற ஏடிஎஃப் வகைகள் எல்லாவற்றோடும் சேர்ந்து வருகிறது. எஸ்பி-3 கெட்டியான பழைய ஆயில், எஸ்பி-4 அதைவிட நீர்த்தது, உராய்வுக்குச் சேர்க்கும் மருந்தும் வேறு. ஒரே டின் எல்லாவற்றுக்கும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் (ஓட்டத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) இதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். 60–70 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால், வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் வரும். இந்த வண்டியில் மூன்றாம் நாளே வந்தது. பி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் இரண்டு வினாடி கழித்துத்தான் 'தடக்'.

அந்த இரண்டு வினாடிக்குக் காரணம் வேறு. ஆயில் லெவலைப் பார்த்த விதமே தப்பு. முன் சக்கரங்களை மட்டும் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, லெவல் போல்ட்டை (ஆயில் இருக்க வேண்டிய உயரத்தைக் காட்டும் துளையின் மூடி) திறந்து "ஓவர்ஃப்ளோ ஆகுது சார், ஃபுல்" என்று காட்டினார்கள். இன்ஜின் நின்றால் வால்வ் பாடியிலும் கன்வெர்ட்டரிலும் இருக்கும் ஆயில் கீழே இறங்கிச் சேரும், லெவல் பொய்யாக உயரும். அப்போது திறந்தால் இருக்க வேண்டிய ஆயிலும் வெளியே போய்விடும். பிறகு முறைப்படி பார்த்தபோது லெவல் துளையில் ஒரு சொட்டு வரவில்லை. 900 மி.லி. ஊற்றிய பிறகே நூல் போல ஒழுக ஆரம்பித்தது.

மெஷின் ஃப்ளஷ் நடக்கவே இல்லை என்பதற்கு அத்தாட்சி நிறம். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் புது எஸ்பி-4 ஒரு சொட்டு, பெட்டியிலிருந்து ஒரு சொட்டு. புதியது மாதுளைச் சாறு, பக்கத்தில் இருந்தது டிகாக்ஷனில் ரோஸ்மில்க் கலந்த நிறம். மொத்தம் 7 லிட்டர் சொச்சம் பிடிக்கிற பெட்டியில் 8 லிட்டர் மெஷினில் போயிருந்தால் இந்த நிறம் வராது. டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் 4 லிட்டர் அளவுக்குத்தான் இறங்கும், மீதி 3 லிட்டர் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் 57 சதவீதம் புதிது, இரண்டாம் முறை 82, மூன்றாம் முறை 92. இவர்கள் செய்தது ஒரு முறை. பணம் வாங்கியது முழுசுக்கும்.

சரியாகச் செய்வது பெரிய வித்தை இல்லை. பேஸ்மென்ட் சரிவில் வேண்டாம், சமதளத்தில் வண்டியின் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முதலில் மேலே ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து, ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் கழலுகிறதா என்று பாருங்கள். அது இறுகி வராமல் போய், அதற்குள் கீழே வடித்துவிட்டிருந்தால் வண்டி அங்கேயே கிடக்கும். வடிந்ததைத் தண்ணீர் பாட்டில்களில் அளந்து, அதே அளவு புதியதை நீண்ட குழாய் வைத்த புனல் வழியாக ஊற்றுங்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு 35–40 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போதும். பிறகு 700 மி.லி. கூடுதலாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து டி வரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு வினாடி நிறுத்தி இரண்டு முறை போய் வாருங்கள். ஓபிடி டாங்கிளில் (வண்டியின் கணினியைப் படிக்கும் சிறு ஸ்கேனர்) ஆயில் சூடு 50–60 டிகிரி காட்டும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். கூடுதல் வழிந்து நூலாக மெலிந்ததும் மூடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்த சூட்டோடு பார்க்காதீர்கள். 7 லிட்டர் ஆயில் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 200 மி.லி. விரியும், அவ்வளவும் அநியாயமாக வெளியே போகும். குளிர்ந்திருக்கும்போது லெவல் பார்த்து மூடினால் அதற்கு நேர் எதிர்: சூடேறியதும் அளவு மிஞ்சி, நுரைத்து, காற்றுத் துளை வழியே கக்கும்.

இந்த வண்டிக்கு அசல் எஸ்பி-4 12 லிட்டர் ஜே.சி. ரோட்டில் பில்லோடு வாங்கி, நான்கு நான்காக மூன்று முறை, இடையில் 100 கி.மீ. போல ஓட்டி மாற்றினோம். நடுக்கம் இரண்டாம் முறைக்குப் பிறகுதான் நின்றது.

மற்ற வண்டிக்காரர்களுக்கு: இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் பேன், ஃபில்டர், காந்தங்கள் எல்லாம் உண்டு, ஆயில் டொயோட்டா டபிள்யூஎஸ். அங்கே ஃபில்டர் மாற்றியதாகச் சொன்னால் பேன் போல்ட்டுகளைப் பாருங்கள். தலையில் பழைய மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பேனரே படவில்லை என்று அர்த்தம். காந்தத்தில் மை மாதிரி கறுப்புப் படலம் இருப்பது சாதாரணம், விரலில் குத்துகிற துகள் இருந்தால்தான் கவலை. பிஎம்டபிள்யூவில் வரும் இசட்எஃப் 8 ஸ்பீடில் பிளாஸ்டிக் பேனும் ஃபில்டரும் ஒரே துண்டு, பேனை மாற்றாமல் ஃபில்டர் மாற்ற முடியாது. "லைஃப்டைம் ஆயில்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல், அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது. செலேரியோ, ஆல்டோ மாதிரி ஏஎம்டி வண்டிகளில் ஏடிஎஃப் என்பதே இல்லை, அது கிளட்ச்சை இயந்திரம் மிதிக்கிற மேனுவல் பெட்டி. அதற்கும் "ஏடிஎஃப் ஃப்ளஷ்" பில் போடுகிறார்கள்.

ஆள் வந்தால் நான்கு விஷயத்தை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: டின் சீலை உங்கள் எதிரில் உடைக்க வேண்டும், காலி டின் உங்களுக்கு, வடித்த ஆயிலை அளந்த பிறகே எடுத்துப் போக வேண்டும், லெவல் பார்க்கும்போது ஸ்கேனரில் சூட்டை போட்டோ எடுக்க வேண்டும். "ஏன் சார், நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளித்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில், டின் லேபிள், டிஷ்யூ பேப்பர் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து, முதலில் எழுத்தில் பணம் கேளுங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த வண்டி விஷயத்தில், பேன் இல்லாத பெட்டியின் படத்தையும் அவர்கள் காட்டிய ஃபில்டரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் 2,850 மட்டும் மறுநாளே திரும்பி வந்தது. மீதிக்கு 1915-ல் பதிவு செய்தாகிவிட்டது, இன்னும் பதில் இல்லை.