காலேஜ் பசங்களுக்கான "மிஷன் ஸ்டேட்மெண்ட்" தியானம்: 900 ரூபாய்க்கு ஒர்த்தா?

எங்க பக்கம் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்க்குன்னே ஒரு வீக்எண்ட் கத்தோலிக்க தியானம் நடத்துறாங்க, நான் எதுக்காக வாழப்போறேன்னு ஒவ்வொருத்தரும் சில வரியில எழுதுறதுதான் அந்த "மிஷன் ஸ்டேட்மெண்ட்", வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ள போனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு போட்டுத்தான் வெளிய விடுவாங்க. தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து 900 ரூபா. சேசு சபை (ஜெசூட்) ஃபாதர்மார் நடத்துறது. தியான இல்லத்தோட பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டப்போறேன், பேரு போட்டு திட்டுற அளவுக்கு அவங்க ஒண்ணும் தப்பு பண்ணல. உங்க காலேஜ்ல ஐக்கஃப் (AICUF, கத்தோலிக்க காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் இயக்கம்) யூனிட் இருந்தா அதோட அட்வைசர்கிட்ட கேளுங்க, இதே மாதிரி எங்கயாச்சும் நடக்குதான்னு சொல்லுவாங்க. நான் போனது பி.காம் செகண்ட் இயர்ல, இப்ப ஃபைனல் இயர். அதனால இது போயிட்டு வந்த ஜோர்ல எழுதுற ரிவ்யூ இல்ல, சூடெல்லாம் ஆறின அப்புறம் எழுதுறது.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கிடார் பாட்டு, கண்ணீர், கைதட்டல்னு எதிர்பார்த்துட்டுப் போனா ஏமாந்து போவீங்க. இங்க பாதி நேரம் மௌனம்தான். போனை வாங்கி ஒரு கவர்ல போட்டு மேல பேரெழுதி பீரோல வெச்சு பூட்டிட்டாங்க, டைம் எல்லாம் மணியடிச்சாத்தான் தெரியும். ரூமுக்கு ரெண்டு இரும்புக் கட்டில், ஃபேன் ஓடுது, கொசுவும் ஓடுது. சாப்பாடு நல்லாவே இருந்துச்சு, ராத்திரி கோதுமை உப்புமா மட்டும் வேணாம்ப்பா.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆளுக்கொரு ஏ4 ஷீட் குடுத்தாங்க. நாலு கட்டம் போட்டு விஷன், மிஷன், வேல்யூஸ், ஃபைவ் இயர் கோல்ஸ்னு, எல்லாமே இங்கிலீஷ்ல. ஏதோ கம்பெனி எச்.ஆர் கிட்ட இருந்து ஜெராக்ஸ் எடுத்து மேல ஒரு சிலுவைப் படம் ஒட்டின மாதிரிதான் இருந்துச்சு. பாதிப் பேரு அதைப் பாத்ததுமே இன்டர்வியூ மூடுக்குப் போயிட்டாங்க, "டு பிகம் எ டைனமிக் லீடர்"னு எழுத ஆரம்பிச்சாச்சு. இந்த ஷீட்டுக்கு நான் பத்துக்கு ஒரு மார்க்தான் போடுவேன், அந்த ஒண்ணும் பேப்பர் கெட்டியா இருந்ததுக்காக.

ஆனா சனிக்கிழமை காலைல ஃபாதர் வந்து அந்த ஷீட்டை திருப்பிப்போட்டு வெள்ளைப் பக்கத்துல எழுதச் சொன்னார், கூடவே ஆளுக்கொரு பென்சில். அங்கேருந்துதான் நெசமான தியானமே ஆரம்பிக்குது.

முதல்ல, சேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியாரோட "ஆன்மிகப் பயிற்சிகள்" புத்தகத்துல 23ஆம் எண்ல வர்ற "அடித்தளம்" பகுதியை வாசிச்சாங்க. விஷயம் இதுதான்: கடவுளைப் புகழவும் வணங்கவும் அவருக்கு ஊழியம் செய்யவும்தான் மனுஷன் படைக்கப்பட்டிருக்கான், மத்த எல்லாத்தையும் அதுக்கு உதவுற அளவுக்கு எடுத்துக்கணும், தடையா இருக்குற அளவுக்கு விட்டுடணும். உடல்நலமா நோயா, பணமா வறுமையா, நீண்ட ஆயுசா குறைஞ்ச ஆயுசான்னு முன்கூட்டியே ஒரு பக்கம் சாஞ்சு நிக்கக்கூடாதாம். இதைக் கேட்டதும் பின்னாடியிருந்து ஒருத்தன் "அப்போ பிளேஸ்மெண்ட் வேணாம்ங்குறீங்களா ஃபாதர்"னு கேட்டுட்டான், எல்லாரும் சிரிச்சோம். ஃபாதர் சிரிக்கல. "வேணாம்னு யாருடா சொன்னா, போய் டெஸ்ட் எழுது. ஆனா கம்பெனிக்காரன் உன்னை எடுக்கலன்னா இந்த பேப்பர்ல எத்தனை வரி மிஞ்சும்னு மட்டும் எண்ணிப்பாரு"ன்னார். எண்ணிப் பாத்தோம். நிறையப் பேருக்கு ஒண்ணும் மிஞ்சல.

அப்புறம் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் வந்து உக்காந்தார், இந்த பகுதிக்குத்தான் நான் 900 ரூபா குடுத்தேன்னு சொல்லுவேன். எனக்குப் பக்கத்துல இருந்த பி.எஸ்சி பையன் "சமுதாயத்தில் ஒளியாகத் திகழ்வேன்"னு எழுதி வெச்சிருந்தான்.

"எந்த சமுதாயம் தம்பி?"

"எல்லாரும்தான் ஃபாதர்."

"எல்லாருக்கும் வேண்டாம். உங்க தெருவுல ஒரே ஒருத்தர், பேரு சொல்லு."

அவன் ரொம்ப நேரம் பென்சிலை உருட்டிட்டு இருந்தான், அப்புறம் "எங்க ஆச்சி"ன்னான். ஆச்சிக்கு ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சாம், கோயிலுக்கு கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போக ஆளில்லாம ஞாயித்துக்கிழமை டிவில பூசை பாக்குறாங்களாம், இவன் அந்த நேரம் கிரிக்கெட் ஆடப் போயிருவானாம். ஃபாதர் அதுக்கு ஒண்ணுமே சொல்லல, எந்திரிச்சு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டார். இவன் அந்த ஒளி வரியை அழிச்சுட்டு ஆச்சி பேரை எழுதினான். ரப்பர் தூள் என் பேப்பர் மேலதான் விழுந்துச்சு.

போப் பிரான்சிஸ் 2019ல இளைஞர்களுக்கு எழுதின ஊக்கவுரையில, நான் யாருன்னு கேட்டுக்கிட்டே ஆயுசு பூரா ஓடிடலாம், நான் யாருக்காகன்னு கேளுங்கன்னு சொல்லியிருப்பார். ஃபாதர் அதை போர்டுல ஒரு தடவை எழுதினதோட சரி, விளக்கமெல்லாம் குடுக்கல. பேரு கேட்டதே போதும்.

இன்னொரு பயிற்சி, இதுவும் இஞ்ஞாசியாரோடதுதான், முடிவெடுக்குற வழிகள்னு அவர் எழுதினதுல வரும். உனக்கு முன்னபின்ன தெரியாத ஒருத்தன் உன்னோட அதே குழப்பத்தோட வந்து நிக்குறான், அவனுக்கு என்ன சொல்லுவே, அதையே நீ செய். அடுத்தது, சாகப்போற நேரத்துல இருந்து திரும்பிப் பாத்தா எந்த முடிவை எடுத்திருக்கணும்னு தோணும், அதை இப்பவே எடு. ரெண்டாவது எனக்கு ஒட்டல, இருபது வயசுல சாவை கற்பனை பண்ணுனா சினிமா சீன் மாதிரிதான் வருது. முதல்ல சொன்னது பயங்கரமா வேலை செஞ்சுச்சு. ஊரான் பிள்ளைக்கு புத்தி சொல்லணும்னா நமக்கெல்லாம் எவ்ளோ தெளிவு!

சனிக்கிழமை மத்தியானத்தைப் பத்தி சுருக்கமா சொல்றேன். ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கரை கூட்டிட்டு வந்து பிபிடி போட்டாங்க, கழுகு படம், மலை உச்சி படம், கைதட்டுங்க, பக்கத்துல இருக்குறவங்களுக்கு ஹை-ஃபைவ் குடுங்க. காலைல கஷ்டப்பட்டு வந்த மௌனம் எல்லாம் போச்சு. அடுத்த பேட்ச்ல இதைத் தூக்கிடுங்கன்னு ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன், தூக்கினாங்களான்னு தெரியல.

சாயங்காலம் சொன்ன பாரிஸ் கதை அந்த ரெண்டு மணி நேரத்தை சரிக்கட்டிருச்சு. சவேரியார்னா (ஃபிரான்சிஸ் சேவியர்) எங்களுக்கு கையில சிலுவையோட கடற்கரையில நிக்குற சுரூபம்தான் ஞாபகம் வரும். அவரு ஒரு காலேஜ் ஹாஸ்டல்காரர்னு யாரும் ஒழுங்கா சொன்னதில்ல. பாரிஸ்ல செயிண்ட் பார்ப் காலேஜ்ல சவேரியாரும் பீட்டர் ஃபேபரும் ரூம்மேட்ஸ், 1529ல அந்த ரூமுக்கு மூணாவது ஆளா வந்து சேந்தவர் இஞ்ஞாசியார், அப்பவே அவருக்கு நாப்பதை ஒட்டின வயசு, போர்ல குண்டடிபட்ட கால், கொஞ்சம் நொண்டுவார். ஃபேபர் சீக்கிரமே அவர்கூட ஒட்டிக்கிட்டார், சவேரியார்தான் ரொம்ப நாள் பிடி குடுக்கல. 1534 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்னைக்கு மோன்மார்த்ர் குன்றுல ஏழு பேரு சேந்து வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்கு சத்தியம், குடுத்தாங்க, அதுல ஃபேபர் மட்டும்தான் அப்போ குருவானவர், மத்தவங்க எல்லாம் படிப்பு வாசனை போகாத ஆளுங்க.

அந்த வார்த்தைப்பாட்டுல என்ன இருந்துச்சுன்னு ஃபாதர் சொன்னப்பத்தான் நிமிந்து உக்காந்தேன். ஏழ்மை, கற்பு, அப்புறம் எருசலேமுக்குப் போயி ஆன்மாக்களுக்கு ஊழியம் செய்றது. போக முடியலன்னா? அதையும் எழுதி வெச்சிருந்தாங்க, ரோமாபுரிக்குப் போயி போப் எங்க அனுப்புறாரோ அங்க போறது. கடைசில துருக்கிச் சண்டையால கப்பல் கிடைக்கல, எருசலேம் நடக்கவே இல்ல. ரெண்டாவதா எழுதினதுதான் நடந்துச்சு, அதனாலதான் 1542ல சவேரியார் தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து எங்க முன்னோருக்கு ஜெபமெல்லாம் தமிழ்ல மனப்பாடம் பண்ணவெச்சார். எங்க வீட்ல ராத்திரி ஜெபமாலை சொல்றதுக்கு ஒரு கப்பல் கிடைக்காமப் போனதும் ஒரு காரணம்னு நெனச்சா சிரிப்பா வருது, ஆனா உண்மைதானே.

அதோட விடல. 1544 ஜனவரியில கொச்சியில இருந்து சவேரியார் எழுதின கடிதத்துல, பாரிஸ் யூனிவர்சிட்டிக்குப் போயி பைத்தியக்காரன் மாதிரி கத்தணும்போல இருக்கு, படிப்பு நிறைய வெச்சிருக்கீங்க அதை வெச்சு என்ன பண்ணப்போறீங்கன்னு யோசிக்க மாட்டேங்குறீங்களேங்குற மாதிரி எழுதியிருக்கார். நம்ம கடற்கரை கிராமங்கள்ல அலைஞ்சு, ஞானஸ்நானம் குடுத்து கை அசந்துபோன ஆளு, காலேஜ் பசங்களைத் திட்டி எழுதின லெட்டர். இதை மறைக்கல்வி வகுப்புல எங்களுக்கு ஏன் சொல்லல?

ராத்திரி நற்கருணை ஆராதனையும், ஃபாதர்கிட்ட தனித்தனியா பாவத்தை சொல்ற பாவசங்கீர்த்தனமும். அம்பது அறுபது பேருக்கு ரெண்டே ரெண்டு ஃபாதர், வரிசை கெபி வரைக்கும் போச்சு, எனக்கு டர்ன் வர்றப்ப தூக்கத்துல என்ன சொன்னேன்னே நெனவில்ல. இன்னும் ரெண்டு பேரை கூப்பிட்டிருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு விஷயம். ஒண்ணு, மனசு வறண்டு இருட்டா இருக்குற நேரத்துல ஏற்கனவே எடுத்த முடிவை மாத்தாதேங்குற இஞ்ஞாசியாரோட விதி. இதை ஃபாதர் எங்க பாஷையில, "அரியர் ரிசல்ட் வந்த அன்னைக்கு இந்த பேப்பரைத் தொடாதே"ன்னு முடிச்சுட்டார். ரெண்டாவது, போன வாரம் திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் எந்த நேரம் என்ன பண்ணோம்னு மணி மணியா எழுதவெச்சு அதை மிஷன் ஸ்டேட்மெண்ட் பக்கத்துல வைக்கச் சொன்னாங்க. கொடுமை. ஆனா இது இல்லாம எழுதுற ஸ்டேட்மெண்ட் எல்லாம் கல்யாண மண்டப வாசல்ல தொங்குற பேனர்தான். அவங்க தினமும் ராத்திரி பண்ணச் சொல்ற ஆன்ம சோதனையும் இதே வேலைதான், ஒரு நாளுக்குனு சின்னதா.

பூசையில காணிக்கை நேரத்துல எல்லார் பேப்பரையும் ஒரு கூடையில வாங்கி பீடத்துல வெச்சாங்க, பூசை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துட்டாங்க. இது வார்த்தைப்பாடு இல்ல, வருஷத்துக்கு ஒருக்கா திருத்திக்கோங்கன்னு தெளிவா சொன்னாங்க, அது எனக்குப் பிடிச்சுது.

என்னோடது மூணு வரி. என் கைப்பட எழுதுற கணக்குல பொய் இருக்கக்கூடாது. லீவுக்கு ஊருக்கு வந்தா பங்குல பத்தாவது படிக்குற பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை கணக்கு சொல்லிக்குடுக்கணும். அம்மாகிட்ட தினமும் நானே போன் பண்ணிப் பேசணும். இதுல ரெண்டாவதை இப்ப மாத்திட்டேன், பிள்ளைங்களுக்கு கணக்கை விட இங்கிலீஷ்தான் தேவைப்படுது. முதல் வரிக்கு வேலை வந்தது ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இன்டர்ன்ஷிப்ல, பழைய தேதி போட்டு பில் எழுதச் சொன்னாங்க, நான் இது மட்டும் வேண்டாம் சார்னு சொன்னேன். அவரு கோவப்படக்கூட இல்ல, பக்கத்து டேபிள் அக்காகிட்ட குடுத்துட்டார். பில்லு எப்படியும் எழுதியாச்சு. என் கையெழுத்துல இல்ல, அவ்ளோதான்.

பெரிய குறை ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம விடமுடியாது. ரெண்டு நாள் பூரா நான், என் குடும்பம், என் வேலைன்னே ஓடிச்சு, சாதியைப் பத்தி ஒரு வார்த்தை வரல. சில ஊர்ல கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தையே சாதி பாத்து சுவர் வெச்சுப் பிரிச்சிருக்குற நாட்டுல கத்தோலிக்க மிஷன் ஸ்டேட்மெண்ட்னு எழுதச் சொல்லிட்டு அதைத் தொடாம எப்படி? 1924ல ஆரம்பிச்ச ஐக்கஃப், 1970ல பூந்தமல்லியில ஒரு பிரகடனம் போட்டுச்சு, அநீதியான சமூகத்துல பொறந்துட்டோம், ஆனா அதை அப்படியே விட்டுட்டுப் போகமாட்டோம்னு. அதுவும் ஸ்டூடண்ட்ஸ் எழுதின மிஷன் ஸ்டேட்மெண்ட்தானே, அதை எடுத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தா அந்த கழுகு பிபிடிக்கு பதிலா எவ்ளோ பிரயோஜனமா இருந்திருக்கும்.

ஃபாலோ-அப்பும் சுத்த வேஸ்ட். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு மாசாமாசம் பேசுவோம்னாங்க, இப்ப அதுல குட்மார்னிங் படமும் அன்றைய புனிதரும்தான் வருது. நாங்க நாலு பேரு தனியா பிரிஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை டீக்கடையில பாத்துக்குறோம், ஆச்சி பையனும் அதுல ஒருத்தன்.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணரை. செகண்ட் இயர்ல போறதுதான் பெஸ்ட், ஃபர்ஸ்ட் இயர்ல ஒண்ணும் புரியாது, ஃபைனல் இயர்ல பிளேஸ்மெண்ட் சீசன் நடுவுல போயி உக்காந்தா பென்சிலே ஓடாது. சி.எஸ்.ஐ (புராட்டஸ்டண்ட் சபை) பசங்க ரெண்டு பேரு எங்க பேட்ச்ல வந்திருந்தாங்க, அவங்களுக்கும் செட்டாச்சு. போறவங்க போர்வையும் கொசுவத்தியும் கொண்டு போங்க, பொண்ணுங்க பக்கம் காலைல ஆறு மணிக்கு மேல தண்ணி வர்றதில்லயாம், அஞ்சரைக்கே குளிச்சு முடிச்சுடுங்க.