நாள் எண்ணுவதை விட்டுவிட்டு இரத்தத்தைப் பார்த்தோம்: ஒரு கால்நடை மருத்துவமனையின் சினைப்பருவப் பரிசோதனை

எங்கள் சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய் முதலில் இணை சேர்த்த இரண்டு பருவங்களிலும் சினை பிடிக்கவில்லை. இரத்தக் கசிவு கண்ட நாளிலிருந்து எண்ணி, 11-ஆம் நாளும் 13-ஆம் நாளும் ஆணுடன் விடுவதே எங்கள் பக்கத்து வழக்கம். முரண்டு பிடித்தவளைப் பிடித்து நிறுத்தினோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. அடுத்த பருவத்தில்தான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைச் சேவையை நாடினோம்.

7-ஆம் நாள், ஈரப் பஞ்சுக்குச்சியால் பிறப்புறுப்பின் உட்சுவரைத் தடவி, கண்ணாடித் தகட்டில் உருட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் எங்களையும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். நடுவே உட்கரு தெளிவாகத் தெரியும் உருண்டைச் செல்களே அதிகம் இருந்தன. 14-ஆம் நாள் அவற்றுக்குப் பதிலாக, ஓரம் மடிந்த காகிதக் கிழிசல் போன்ற செல்கள் தகடு முழுவதும் நிறைந்திருந்தன. இணை சேரும் கட்டம் நெருங்கியதன் அடையாளம் அது; அவளும் ஆணை ஏற்பதுபோல் வாலை ஒதுக்கி நின்றாள். ஆனால் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 1.2 நானோகிராம்தான் இருந்ததால், பொறுத்திருக்கச் சொன்னார். அது 2-ஐத் தாண்டும்போது முட்டையை விடுவிக்கும் ஹார்மோன் உச்சம் தொடுகிறது என்றும், 5-ஐ ஒட்டி முட்டை வெளியேறுகிறது என்றும், நாயின் முட்டை முதிராமலே வெளியேறுவதால் கருத்தரிக்க மேலும் இரண்டு நாள் வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். 17-ஆம் நாள் 2.3, 19-ஆம் நாள் 5.6. ஆகவே 21, 22 ஆகிய நாள்களில் இணை சேர்த்தோம். முட்டை வெளியேறிய நாளிலிருந்து 63 நாள் எண்ணி அவர் குறித்துக் கொடுத்த தேதிக்கு ஒரு நாள் முன்பு ஐந்து குட்டிகள் பிறந்தன.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரத்தம் எடுப்பதில்லை. முட்டை வெளியேறும் தறுவாயில் ஒரு நாள் கைநழுவுவது சிறிய விஷயம் அன்று. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனிக் கட்டணம் என்பதால் செலவும் கூடியது. இவற்றைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தைப் பற்றி, நாங்களாகக் கேட்கும்வரை எவரும் சொல்லவில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தல், உணவை ஒதுக்குதல், நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதை, தேதிகளைக் குறித்துத் தரும் அதே அட்டையில் அச்சிட்டுத் தந்திருக்கலாம்.

குட்டிகள் பால் மறந்த பிறகு, அவளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்ய அதே மருத்துவரிடம் நாள் கேட்டிருக்கிறோம்.