ஏழு ஆண்டுகளில் எது உதிர்ந்தது, எது நின்றது: மினியேச்சர் ஒட்டலும் பேஸிங்கும்

என் அலமாரியில் இப்போது ஏறக்குறைய இருநூறு அறிவியல் புனைவு மினியேச்சர்கள், அதாவது மேசை விளையாட்டுக்கான குட்டி உருவங்கள், நிற்கின்றன. முதல் பெட்டியைப் பிரித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பேஸின் (உருவம் நிற்கும் அடித்தட்டின்) அடியிலும் எந்தப் பசை, என்ன மண், எந்த மாதம் என்று மார்க்கரால் எழுதிவைப்பேன். ஏதாவது உடைந்தால் உடனே திருப்பிப் பார்ப்பேன். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தவை. பெயிண்டிங் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு மேசையில் நூறு முறை கை பட்ட பிறகும் ஒரு மினியேச்சர் முழுசாக நிற்கிறதா என்பது ஒட்டிலும் பேஸிலும்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே.

பிளாஸ்டிக்கில் தொடங்குகிறேன். ஸ்ப்ரூவில், அதாவது பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில், வருவது பாலிஸ்டைரீன். இதற்கான பிளாஸ்டிக் சிமெண்ட் கரைப்பான் வகை. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். காய்ந்தபின் இடையில் பசை என்று ஒன்றும் மிஞ்சாது. கையும் தோளும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். நான் தொடர்ந்து வாங்குவது டாமியா எக்ஸ்ட்ரா தின். தண்ணீர் போல இருக்கும். இரண்டு துண்டுகளையும் முதலில் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிப் பரவும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி கடுமை. இந்த ஏழு ஆண்டுகளில் வெறும் பிளாஸ்டிக்கின் மேல் சிமெண்டால் ஒட்டிய ஒட்டு ஒன்றுகூட எனக்கு விட்டதில்லை. மேசையிலிருந்து தரையில் விழுந்த ஒரு வீரனின் ஆன்டெனா முறிந்தது, துப்பாக்கிக் குழல் முறிந்தது. ஒட்டிய தோள் அப்படியே இருந்தது.

ஒரே நிபந்தனை, ஒட்டும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. கைகளைத் தனியாகப் பெயிண்ட் செய்து பிறகு ஒட்டும் முறையில் நான் நிறைய ஒட்டுகளை இழந்தேன். பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) படலத்தின் மேல் சிமெண்ட் பிளாஸ்டிக்கை எட்டாது. ஒட்டியது போலத் தெரியும், நாலு ஆட்டம் தாங்கும், பிறகு கையோடு வரும். இப்போது தலையும் முதுகுப் பொதியும் தவிர எல்லாவற்றையும் முன்பே ஒட்டிவிடுகிறேன். துப்பாக்கிக்குப் பின்னால் மறையும் மார்புப் பகுதிக்கு பிரஷ் எட்டாவிட்டால் கண்ணும் எட்டாது.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடுகளைச் சுரண்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஹாபி கத்தியின் முதுகுப்பக்கத்தால் இழுத்தால் போதும், கூர்முனை பிளாஸ்டிக்கைத் தோண்டிவிடும். ரோமமும் துணி மடிப்பும் உள்ள உருவங்களில் கோடு ஓரளவு மறைந்துவிடும். விண்வெளி வீரனின் வழுவழுப்பான கவசத்தில் மறைய இடமே இல்லை. வாஷ் (நீர்த்த பெயிண்ட்) அங்கே தேங்கும், டிரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த பிரஷால் மேடுகளில் தேய்ப்பது) அதையே எடுத்துக்காட்டும். இடைவெளி விழும் இடங்களில் மிச்ச ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, ஒரு சிறு குப்பியில் சிமெண்ட் ஊற்றி ஊறவைத்த கூழைத் தடவுகிறேன். ஒரு நாள் காயவிட்டுச் சுரண்டினால் ஒட்டின் தடமே தெரியாது.

உலோகமும் ரெசினும் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) வேறு கதை. இவற்றில் சிமெண்ட் வேலை செய்யாது, சூப்பர் குளூதான். அது இழுவிசையைத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு பட்டால் கண்ணாடி போல விட்டுவிடும். இன்ஃபினிட்டி போன்ற விளையாட்டுகளின் உலோக மினியேச்சர்களில் மணிக்கட்டு மெல்லியதாகவும் துப்பாக்கி நீளமாகவும் இருக்கும். உள்ளே கம்பி வைக்காமல் ஒட்டிய கைகள் எனக்கு இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. கைத்துளைப்பானில் 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டு செருகி ஒட்டியவை எல்லாம் இன்றும் நிற்கின்றன. இரண்டு துளைகளும் நேராக வர, ஒரு பக்கத் துளையின் வாயில் துளி பெயிண்ட் வைத்து மறுபக்கத்தை அழுத்திப் பாருங்கள். எங்கே துளைக்க வேண்டும் என்று புள்ளி விழும். பசை குறைவாக இருந்தால்தான் பிடி அதிகம். வழிய வழிய விட்டால் காயவும் நேரமாகும், உறுதியும் போகும்.

ரெசின் துண்டுகளை ஒட்டும் முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொருள் மேலே இருந்தால் பசையும் பிடிக்காது, பிரைமரும் பிடிக்காது. வளைந்து வந்த பாகத்தைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் இறக்கினால் நிலைத்துவிடும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்தில் தேயுங்கள்.

காக்பிட் கண்ணாடிக்கு சூப்பர் குளூவை நெருங்கவே விடாதீர்கள். அதன் ஆவி படிந்து உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு பறக்கும் வண்டியில் விமானியின் முகம் முழுவதையும் நான் இப்படி இழந்தேன். மூன்று மாலைகள் அந்த முகத்துக்குச் செலவழித்திருந்தேன். இப்போது கண்ணாடிக்கு பிவிஏ (வெள்ளைப் பசை) மட்டும்.

பேஸ் விஷயத்தில் அளவை முதலில் பாருங்கள். வார்ஹேமர் 40,000 விளையாட்டு வந்தது 1987-ல். அதன் விண்வெளி வீரர்கள் நெடுங்காலம் 25 மி.மீ. பேஸில் நின்று, பிறகு 32-க்கு மாறினார்கள். தூரம் அளப்பது பேஸ் விளிம்பிலிருந்து என்பதால் விளையாட்டுக்கும் இது முக்கியம். பழைய படைக்கு நான் விளிம்பைச் சுற்றி வளையம் மாட்டி ஒட்டிவிட்டேன், தோற்றத்தில் குறையில்லை.

மணலும் பிவிஏவும்தான் இன்றும் என் முதல் தேர்வு. ஆனால் ஒரு பூச்சு போதாது. மணல் காய்ந்தபின் தண்ணீர் கலந்த பிவிஏவில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மேலே இன்னொரு முறை ஊறவிட வேண்டும். முதல் ஆண்டில் நான் இதைச் செய்யாமல் விட்ட பத்து வீரர்களின் பேஸ்கள் விளிம்பிலிருந்து பொட்டலாகிவிட்டன. மணல் ஒட்டும் முன் பேஸின் மேற்பரப்பை உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிடுங்கள். மண் போலச் சொரசொரப்பாகக் காயும் டெக்ஸ்சர் பேஸ்டுக்கும் அதே. வழவழப்பான பிளாஸ்டிக்கில் தடிமனாகப் பூசிய பேஸ்ட் காயும்போது சுருங்கி, தகடு போலக் கழன்று வரும். வறண்ட கோளுக்கென்று வெடிப்பு விடும் பூச்சைப் பயன்படுத்தினால், மேலே வார்னிஷ் கொடுத்தே தீர வேண்டும்; இல்லாவிட்டால் செதில் செதிலாக உதிரும். சமையல் சோடாவில் செய்த பனி மூன்றாம் ஆண்டில் மஞ்சளடித்தது. அந்தப் பனியில் நின்ற ஐந்து வீரர்களையும் பேஸிலிருந்து பிரித்து மறுபடி செய்தேன்.

கார்க் தகட்டைக் கையால் பிய்த்தால் விளிம்பு பாறை போலவே வரும். பொலபொலவென்று இருப்பதால் முதலில் பிவிஏ பூசி இறுக்கி, வீரனின் காலிலிருந்து கம்பி இறக்கும்போது கார்க்கைத் தாண்டி பிளாஸ்டிக் வரை கொண்டுபோங்கள். வெறும் கார்க்கில் நின்ற கனமான உலோக வீரன் பாதி பாறையைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்தான்.

எல்லாவற்றையும்விட உறுதியானது தொழிற்சாலைத் தரை. ஸ்டைரீன் தகட்டுத் துண்டுகள், வெட்டியெறியும் ஸ்ப்ரூ குழாய்கள், எல்லாமே பேஸோடு சிமெண்டில் உருகிச் சேர்ந்துவிடுவதால் உதிர எதுவும் இல்லை. விண்கலத்தின் உள்ளே நடக்கும் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான தரையும் இல்லை. செவ்வாய் போன்ற நிலத்துக்கு துருச்சிவப்பு, மேலே காவி டிரை பிரஷ், அதே நிறப் பிக்மென்ட் தூளைப் பூட்ஸிலும் முழங்கால் வரையிலும் கொஞ்சம். அப்போதுதான் வீரன் அந்த மண்ணில் நடந்து வந்தவனாகத் தெரிவான். தூள் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்துத் தூக்கும் இடம் அது. கருப்பு விளிம்பு மட்டும்தான் எனக்கு ஆண்டுக்கொரு முறை திருத்த வேண்டியிருக்கிறது.

பேஸின் அடியில் 5×2 மி.மீ. நியோடிமியம் காந்தம் வைத்து, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிறுத்திக் கொண்டுபோகிறேன். காந்தத்தின் நிக்கல் பூச்சு வழவழப்பானது, சூப்பர் குளூ மட்டும் போட்டவை பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு பேஸை விட்டுவிட்டன. உப்புத்தாளில் தேய்த்து, எபாக்ஸி புட்டியில் (இரண்டு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் பசைக்களி) புதைத்தவை நிற்கின்றன. மாற்றிப் போடும் ஆயுதங்களுக்கு 3 மி.மீ. போதும், எந்தப் பக்கம் எந்த துருவம் என்பதை ஒரே ஒரு மூலக் காந்தத்தை வைத்து எல்லா உடல்களிலும் சரிபாருங்கள்.

எனக்கு இன்னும் சரியாக வராதது பறக்கும் வீரர்களின் தாங்கிக்குச்சி. பெட்டியில் வரும் தெளிந்த பிளாஸ்டிக் குச்சிகளில் பாதிக்குமேல் கழுத்தில் ஒடிந்துவிட்டன. போன மாதம் ஆறு பேருக்கு பித்தளைக் கம்பியை வளைத்து, அடிப்பகுதியை ஸ்ப்ரூ இடிபாடுகளுக்குள் மறைத்து நிறுத்தியிருக்கிறேன். பேஸின் அடியில் மாதம் எழுதியாகிவிட்டது.