"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் வந்தால்: ஸ்க்ரீனில் அவர்கள் காட்டும் 'ஆதாரங்கள்' எவை?

எந்த சாஃப்ட்வேர் கம்பெனியும் உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, உங்கள் போன் நம்பரைத் தேடி எடுத்து, தானாகவே அழைத்துச் சொல்லாது. மைக்ரோசாஃப்ட் இதைத் தெளிவாகவே அறிவித்திருக்கிறது: நீங்கள் உதவி கேட்காதபோது அவர்கள் அழைப்பதில்லை, அவர்களுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. இது தெரிந்தவர்களும் பணத்தை இழக்கிறார்கள். பேசுகிறவரைச் சந்தேகப்படுகிறவர்கள்கூடத் தங்கள் ஸ்க்ரீனில் கண்ணால் பார்ப்பதை நம்பிவிடுகிறார்கள். அதனால், இப்படி அழைக்கும் மோசடிக்காரர்கள் ஸ்க்ரீனில் என்னென்ன காட்டுவார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

அழைப்பு மோசடிக்காரர்களிடமிருந்துதான் வரும் என்றில்லை, நம்மையே அழைக்கவும் வைப்பார்கள். பிரவுசரில் திடீரென்று சிவப்புப் பக்கம் ஒன்று முழுத் திரையையும் மூடிக்கொள்ளும். "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பரை அழையுங்கள்" என்று ஒரு குரல் அலறும். மவுஸ் அம்புக்குறிகூட மறைந்துபோகலாம். அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், டேபை மூடலாம். அதற்கும் அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடித்துவிடுங்கள். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அதே பக்கம் திரும்ப வரும். பிறகு பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி எந்தெந்தத் தளங்களுக்கு இருக்கிறது என்று பார்த்து, தெரியாத பெயர்களை நீக்குங்கள். திரையின் மூலையில் அடிக்கடி முளைக்கும் "வைரஸ்" அறிவிப்புகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

இன்னொரு வழி, நாமே தேடிப் போய் மாட்டுவது. பிரிண்டர் வேலை செய்யவில்லை, இமெயில் திறக்கவில்லை என்று உதவி எண்ணைத் தேடும்போது, தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக ஒரு நம்பர் இருக்கும். அது கம்பெனியின் நம்பராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் முகவரியையோ, அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் ஹெல்ப் பகுதியையோ மட்டும் பயன்படுத்துங்கள். அழைப்பு வரும்போது திரையில் தெரியும் நம்பரும் சான்று ஆகாது. அதைப் போலியாகக் காட்ட முடியும்.

பேச்சு தொடங்கியதும் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். முதல் காட்சி பெரும்பாலும் ஈவென்ட் வியூவர். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான பிழைகள் அதில் இருக்கும். எந்தச் சிக்கலும் இல்லாத கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கினாலும், பிரிண்டர் இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனாலும் விண்டோஸ் அதைக் குறித்துவைக்கும். அது ஒரு குறிப்பேடு, அவ்வளவுதான். "வலது க்ளிக் செய்து அழித்துப் பாருங்கள், முடிகிறதா?" என்று கேட்பார்கள். முடியாது. குறிப்புகளை ஒவ்வொன்றாக அழிக்க அங்கே வசதியே கிடையாது. அதை "வைரஸ் அழிய மறுக்கிறது" என்று மாற்றிச் சொல்வார்கள்.

அடுத்தது கறுப்புத் திரை, அதாவது கமாண்ட் ப்ராம்ப்ட். "உங்கள் கம்ப்யூட்டரின் ரகசிய லைசென்ஸ் எண்ணை நான் படிக்கிறேன், சரிபாருங்கள்" என்பார்கள். ஒரு கட்டளையை அடிக்கச் சொல்வார்கள், நீளமான பட்டியல் ஓடி நிற்கும். அதன் கடைசிப் பகுதியில் 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணும் எழுத்தும் கலந்த வரி இருக்கும். அவர் வாசிப்பதும் திரையில் இருப்பதும் அப்படியே பொருந்தும். பலர் மனம் மாறுவது இந்த இடத்தில்தான். அந்த வரி லைசென்ஸ் எண்ணே அல்ல. எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற பட்டியலில் வரும் ஒரு பொதுக் குறியீடு அது. விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டர்களில் அது ஒன்றேதான். பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரில் அடித்தாலும் அதே வரி வரும்.

ட்ரீ என்ற கட்டளையையும் இதேபோலத்தான் பயன்படுத்துகிறார்கள். அது செய்வது ஒன்றே ஒன்று: ஃபோல்டர்களின் பெயர்களைக் கிளை கிளையாக அச்சிடும். ஆயிரக்கணக்கான வரிகள் வேகமாக ஓடும்போது பார்ப்பவருக்கு ஏதோ ஸ்கேன் நடப்பதுபோலத் தோன்றும். ஓட்டம் நின்றதும் கடைசியில் "வைரஸ் உள்ளது, ஹேக்கர்கள் நுழைந்துவிட்டார்கள்" என்று ஒரு வரி இருக்கும். கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தட்டச்சு செய்து வைத்த வரி அது. நெட்ஸ்டாட் கட்டளையில் வெளி முகவரிகள் என்ற தலைப்பின் கீழ் சில எண்கள் வரும். அவை உங்கள் பிரவுசரும் அப்டேட்டும் பேசிக்கொண்டிருக்கும் சர்வர்கள். அவற்றை வெளிநாட்டு ஹேக்கர்கள் என்பார்கள். ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரைத் திறந்து, புரியாத பெயருள்ள கோப்புகளெல்லாம் வைரஸ் என்பார்கள். நிரல்கள் விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸே அவற்றை உருவாக்கி வைத்திருக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் அவர்கள் வந்த வேலை. எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர், விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் என்று, தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் நிரல் ஏதோ ஒன்றைத் திறந்து, திரையில் வரும் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள், அல்லது அவர்கள் தரும் எண்ணை உள்ளிடச் சொல்வார்கள். இவையெல்லாம் நேர்மையான நிரல்கள், அலுவலகங்களில் தினமும் பயன்படுபவை. அதனாலேயே ஆண்டிவைரஸ் பெரும்பாலும் தடுக்காது. அனுமதியை அழுத்தியதும் உங்கள் கீபோர்டும் மவுஸும் அவர்கள் கையில். கோப்புகளை நகலெடுக்கலாம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்கலாம், நீங்கள் இல்லாதபோதும் நுழைவதற்கு நிரந்தரப் பாஸ்வேர்டு ஒன்றை அமைத்துவிடலாம். உங்கள் திரையைக் கறுப்பாக்கிவிட்டுப் பின்னால் வேலை செய்யும் வசதியும் சில நிரல்களில் உண்டு. போனிலும் அதே ஆப்பைப் போடச் சொன்னால் நோக்கம் ஓடிபி. வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவர்களுக்கும் தெரியும்.

"ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பு" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு போவது பழைய முறை. பெரும் தொகை போவது ரீஃபண்ட் நாடகத்தில். உங்கள் ஆண்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, வேண்டாமென்றால் அழையுங்கள் என்று ஒரு இமெயில் வரும். அழைத்தால், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ரிமோட்டில் நுழைந்து, வங்கிக் கணக்கை உங்களையே திறக்க வைப்பார்கள். பிறகு திரை கறுப்பாகும். அந்த இடைவெளியில் பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகையின் எண்ணை மட்டும் மாற்றுவார்கள். அல்லது உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கே பணத்தை நகர்த்துவார்கள். திரை திரும்பும்போது 300 வர வேண்டிய இடத்தில் 30,000 வந்திருக்கும். "ரெண்டு சைபர் கூடிப்போச்சு, என் வேலை போய்விடும், தயவுசெய்து மீதியை அனுப்புங்கள்" என்று அழுவார்கள். நேர்மையானவர்கள் தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், அடுத்தவர் பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது. பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தால் மாற்றிய எண் மறைந்துவிடும். பணத்தை நகர்த்தியிருந்தால் மறையாது. அப்போது வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கணக்குகளின் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஏறியிருக்காது.

மீதியை கிஃப்ட் கார்டாகவோ, கிரிப்டோவாகவோ, பார்சலில் ரொக்கமாகவோ கேட்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எந்த நிறுவனமும் அப்படிப் பணம் வாங்காது. "கடையிலோ வங்கியிலோ கேட்டால் வேறு காரணம் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பதும், போனை வைக்காமலே கடைக்கு அனுப்புவதும் நீங்கள் வேறு யாரிடமும் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை ரவுட்டரை அணையுங்கள். எது எங்கே என்று தெரியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து கம்ப்யூட்டரையே அணைத்துவிடலாம். அடுத்து வங்கி. கார்டின் பின்புறம் உள்ள எண்ணை, அவர்களிடம் பேசாத ஒரு போனிலிருந்து அழையுங்கள். ரிமோட் அனுமதி கொடுத்ததையும் ஓடிபி சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கழியும் நேரத்தில்தான் பணம் கணக்குக் கணக்காகத் தாவிப் போகிறது. கிஃப்ட் கார்டு வாங்கியிருந்தால் கார்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அதை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அழையுங்கள். இன்னும் செலவாகவில்லை என்றால் முடக்க வாய்ப்பு உண்டு. காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுக்கும்போது அழைத்த நம்பர், பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் தேவைப்படும்.

பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், இமெயிலை முதலில். மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு இணைப்பும் அங்கேதான் வருகிறது. இமெயில் செட்டிங்ஸில் யாருக்காவது ஃபார்வர்டு போகும்படி விதி அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். பலர் இந்த ஃபார்வர்டு விதியை விட்டுவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில், ரிமோட் நிரலை நீக்குவதற்கு முன் அதில் பதிவாகியிருக்கும் எதிர்த்தரப்பின் இணைப்பு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறுவிய நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கி அன்றைய தேதியில் வந்த அனைத்தையும் நீக்குங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு மூன்று நிரல்களைப் போட்டு வைப்பதுண்டு. புதிய யூசர் கணக்கு, தெரியாத பிரவுசர் எக்ஸ்டென்ஷன், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் புதிய வேலை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இத்தனையும் பார்த்தாலும் முழு நம்பிக்கை வருவது ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, அனைத்தையும் அழித்து விண்டோஸை ரீசெட் செய்த பிறகுதான்.

வீட்டுப் பெரியவர்களின் கம்ப்யூட்டரில் அட்மின் உரிமை இல்லாத கணக்கை அமைப்பது நல்லதுதான், ஆனால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். எனிடெஸ்க் போன்றவை நிறுவாமலே ஓடும், அதற்கு அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. குயிக் அசிஸ்டை நீக்கிவிடுங்கள், விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், வங்கியில் ஒருநாள் பரிமாற்ற உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். கடைசியில் சொன்னது பல குடும்பங்களின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடியது.

ஒருமுறை ஏமாந்தவரின் நம்பர் பட்டியலில் ஏறிவிடும், அந்தப் பட்டியல் கைமாறும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து வழக்கறிஞர் என்றோ காவல்துறை என்றோ சொல்லி ஒருவர் அழைத்து, "உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, விடுவிக்க ஒரு கட்டணம் மட்டும்" என்பார். இழந்த தொகையையும் தேதியையும் சரியாகச் சொல்வார். முதலில் ஏமாற்றியவர்களிடமிருந்தே அந்த விவரம் அவருக்குக் கிடைத்திருக்கும். அவரிடம் எதையும் உறுதிப்படுத்தாமல் போனை வைத்துவிட்டு, நீங்கள் புகார் கொடுத்த அலுவலகத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.