சிம்பிள்பிளேன்ஸ்: பறந்தால் மட்டும் போதாது என்பவர்களுக்கு

விமானம் ஓட்டும் கேம்கள் ஏராளம். விமானத்தை நாமே கட்டிப் பறக்கவிடும் கேமான சிம்பிள்பிளேன்ஸை நான் சிபாரிசு செய்வது ஓட்டுவதற்காக அல்ல. ஒருவர் கட்டிய விமானத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேர் வாதாட முடியும், அந்த வாதத்துக்கு விடையும் கிடைக்கும், அதற்காகத்தான். “எனக்கு என்னமோ அப்படித் தோணுது” என்பதோடு பேச்சு நிற்பதில்லை. வாலைக் கொஞ்சம் பின்னால் தள்ளு, எரிபொருள் டாங்கியை முன்னால் கொண்டு வா என்று ஒருவர் சொன்னால், உடனே செய்து பறக்கவிட்டு, அவர் சொன்னது சரியா தப்பா என்று பார்த்துவிடலாம்.

எனக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலைக் காத்தாடி மெயின்டனன்ஸ் வேலை. ஆடிக் காற்று அடங்கும்வரை மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசி பிறந்த பிறகுதான் ராத்திரியில் லேப்டாப்பைத் திறக்கிறோம். நாங்கள் என்றால் நான், என் அக்கா மகன், வள்ளியூரில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஆளுக்கொரு விமானம் கட்டுவோம், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வோம்.

ஜண்ட்ரூ என்கிற சிறிய அமெரிக்க நிறுவனம் செய்த கேம் இது. முதலில் போனுக்கு வந்தது, 2015 கடைசியில் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இதே நிறுவனம் ராக்கெட் கட்டுவதற்கு ஜூனோ: நியூ ஆரிஜின்ஸ் என்று இன்னொன்றும் வைத்திருக்கிறது. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் இஞ்சின் சோதனைக்கூடத்தைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ராக்கெட் மேல்தான் கண். என் கட்சி விமானம்தான். ராக்கெட்டில் கணக்கு முக்கியம், விமானத்தில் கணக்கோடு சேர்ந்து கைப்பழக்கமும் வேண்டும்.

கட்டும் திரையைப் பழகுவது சுலபம். விமானி அறையில் தொடங்கி ஒவ்வொரு பாகமாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். உடலுக்கான ஃபியூசலாஜ் துண்டை நீளம், அகலம், உயரம், மூலை வளைவு என்று எப்படியும் இழுத்து மாற்றலாம். அதற்குள்ளேயே எரிபொருள் நிரப்பலாம், வெறும் எடையும் வைக்கலாம். ஒரு பக்கம் செய்து முடித்தால் மறுபக்கத்துக்கு மிரர் பட்டன் இருக்கிறது. கேமின் உயிர் மூன்று புள்ளிகளில் இருக்கிறது. சிவப்பு எடை மையம், நீலம் தூக்கு விசை மையம், மஞ்சள் உந்து விசை மையம். நீலம் சிவப்புக்குச் சற்றுப் பின்னால் இருந்தால், காற்றில் மூக்கு தூக்கும்போது கூடுகிற தூக்கு விசை வாலையும் சேர்த்து உயர்த்தி, மூக்கைத் திரும்பக் கீழே இறக்கிவிடும். விமானம் தானாக நேராகும். நீலம் முன்னால் வந்துவிட்டால் தூக்கிய மூக்கு தூக்கிக்கொண்டே போய்க் கரணம் அடிக்கும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கு கனத்து ரன்வேயை விட்டே எழும்பாது. இந்த மூன்று புள்ளிகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நீங்களும் கலந்துகொள்ளலாம்.

நான் கட்டியிருப்பது ஏடிஆர் 72. தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து நெல்லைக்காரர்கள் மெட்ராஸுக்குப் போகிற விமானம். றெக்கை நுனிக்கு நுனி 27.05 மீட்டர், மூக்கிலிருந்து வால்வரை 27.17 மீட்டர், கிட்டத்தட்ட ஒரே அளவு. றெக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். நிறைய எடையோடு கிளம்பினால் 23 டன். இந்த அளவுகளை அப்படியே வைத்துக் கட்டலாம், ஏனென்றால் றெக்கை அகலம், பரப்பு, எடை, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதையெல்லாம் கேம் கட்டும்போதே கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும். விமானத்தின் படத்தை ப்ளூபிரிண்டாகப் பின்னணியில் போட்டு அதன்மேலேயே உடலை இழைக்கலாம்.

ஏடிஆரில் இரண்டு இடத்தில் யோசிக்க வைக்கும். முதலாவது இஞ்சின். றெக்கை உடலுக்கு மேலே இருக்கிறது, இஞ்சின் றெக்கையில் இருக்கிறது. அதனால் மஞ்சள் புள்ளி சிவப்புக்கு மேலே போய்விடும். த்ராட்டிலைத் திறந்து இஞ்சின் சக்தியைக் கூட்டினால் மூக்கு கீழே குனியப் பார்க்கும். இதற்கு டிரிம் (மூக்கை ஒரு நிலையில் தானாகப் பிடித்து வைக்கும் அமைப்பு) வைத்துச் சமாளிக்கலாம், அல்லது டி வடிவ வாலின் கிடைப் பலகையைத் துளி சாய்த்து வைக்கலாம். நான் சாய்த்திருக்கிறேன். அண்ணாச்சி டிரிம் கட்சி. இரண்டுமே பறக்கும். ஆனால் த்ராட்டிலைக் குறைத்து இறங்க வரும்போது, சாய்த்து வைத்த வால் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. இறங்கும் நேரத்தில் எனக்கு அது பிடித்திருக்கிறது.

இரண்டாவது சக்கரம். நிஜ ஏடிஆரில் பெரிய சக்கரங்கள் றெக்கையில் இல்லை, வயிற்றோரம் துருத்திய இரண்டு பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நாலு மீட்டர்தான் இடைவெளி. 27 மீட்டர் றெக்கையை நாலு மீட்டர் காலில் நிறுத்துவதென்றால், சாய்ந்தபடி இறக்கினால் ஒற்றைக் கால் மொத்த அடியையும் வாங்கும். நிறையப் பேர் கட்டும் ஏடிஆர்களில் வசதிக்காகச் சக்கரத்தை அகலமாக வைத்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தக் குறுகிய கால்தான் ஏடிஆரின் குணம், அதை மாற்றிவிட்டால் பெயர் மட்டும்தான் ஏடிஆர்.

வாகைக்குளம் ரன்வே வெகுகாலம் 1,350 மீட்டர்தான். அதனால்தான் அங்கே ஏடிஆர் மாதிரி விமானம் வந்துபோனது. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்தாயிற்று. எங்கள் குழுவின் பரீட்சை இன்னமும் பழைய 1,350 மீட்டர்தான். எரிபொருள் நிரம்பிய ஏடிஆர் அந்தத் தூரத்துக்குள் எழும்ப வேண்டும், இறங்கினால் அதற்குள் நிற்க வேண்டும். தூரத்தை எப்படி அளப்பது? லேபிள் பாகத்தில் எழுத்துக்குப் பதிலாகக் கணக்கு எழுத முடியும். தரைவேகத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே வா என்று ஒரு வரி எழுதினால், ஓடிய தூரம் மீட்டர் கணக்கில் டாஷ்போர்டில் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கணக்கு மொழிக்கு ஃபங்கி ட்ரீஸ் என்று பெயர். கேமில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அதன் பலம் தேஜஸ் விஷயத்தில் தெரிந்தது. தேஜஸ் 2001 ஜனவரியில் முதலில் பறந்த நம் போர் விமானம். அதன் முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, 2018-ல் நம் சூலூருக்குத்தான் வந்தது. முக்கோண றெக்கை, கிடைவால் கிடையாது. வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்து, கம்ப்யூட்டரை வைத்து நேராகப் பிடிக்கிறார்கள், அப்போதுதான் சட்டென்று திரும்பும். அக்கா மகன் அதைக் கட்டிக்கொண்டு வந்தான். பார்க்க அச்சு அசல் தேஜஸ்தான்.

“மாமா, நேராப் போகும்போது நல்லாத்தான் போவுது. லேசா இழுத்தாப் போதும், கரணம் போட்டுருது.”

“நீலமும் சிவப்பும் எங்க இருக்குன்னு பார்த்தியா மாப்ள?”

“ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு மாமா. தேஜஸ்னா அப்படித்தானே இருக்கணும்?”

அதுவரை பேசாமல் இருந்த அண்ணாச்சி, “டாங்கி பாதி காலியானப்புறம் சிவப்பு எங்க போவுதுன்னு பார்த்தியாலே?” என்றார். பார்த்தோம். எரிபொருள் முழுக்க மூக்குப் பக்கத் துண்டில் இருந்தது. அதைக் காலியாக்கிக் கட்டும் திரையில் பார்த்தால் சிவப்பு நகர்ந்து நீலத்துக்குப் பின்னால் போயிருந்தது. பறக்கத் தொடங்கும்போது சரியாக இருந்த விமானம், பறக்கப் பறக்கக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. டாங்கியை எடை மையத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, மூக்கில் அதற்குப் பதிலாக வெறும் எடை வைத்ததும் பாதி வியாதி தீர்ந்தது. மீதிக்கு ஃபங்கி ட்ரீஸ். றெக்கையின் பின்னோரப் பலகைகளுக்கு வெறுமனே “ஸ்டிக்கைக் கேள்” (ஸ்டிக் என்பது விமானி பிடித்து ஓட்டும் பிடி) என்று சொல்லாமல், மூக்கு எத்தனை வேகமாக ஏறுகிறதோ அதைச் சின்ன எண்ணால் பெருக்கி, எதிர்ப்பக்கமாகச் சேர்க்கச் சொன்னோம். மூக்கு வேகமாக ஏறினால் பலகை தானே எதிர்த்துப் பிடிக்கும். எண் பெரிதானால் மூக்கு நடுங்கும், சிறிதானால் பிடிக்காது. எந்த எண் சரி என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பறக்கவிட்டுப் பார்த்தோம். நிஜ தேஜஸின் கம்ப்யூட்டர் செய்யும் வேலையின் ஒரு துளியைப் பாலிடெக்னிக் பையன் தன் கையால் எழுதி, அது ஏன் வேண்டும் என்றும் தெரிந்துகொண்டான். இதற்காகவே நான் இந்தக் கேமுக்குக் கொடுத்த காசு தகும்.

றெக்கை பற்றி ஒரு குறை உண்டு. ஒரு றெக்கையை வேரிலிருந்து நுனிவரை முறுக்க வழியில்லை. காத்தாடி பிளேடைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் ஒரு கோணமும் நுனியில் வேறு கோணமுமாக முறுக்கியிருக்கும், ஏனென்றால் நுனி பலமடங்கு வேகமாகச் சுற்றுகிறது. விமான றெக்கையில் முறுக்கு இருப்பது வேறு காரணத்துக்காக. நுனியை ஓரிரு டிகிரி தாழ்த்தி வைத்தால், வேகம் குறையும்போது வேர்ப்பகுதி முதலில் தூக்குதலை இழக்கும், நுனியில் உள்ள ஐலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை, கடைசிவரை கையில் நிற்கும். கேமில் இது வேண்டுமானால் றெக்கையை மூன்று நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி ஒட்ட வேண்டும். செய்தால் பலன் நன்றாகவே தெரிகிறது, மெதுவாகப் போகும்போது ஏடிஆர் பக்கவாட்டில் சரியாமல் நிற்கிறது. தவிர, றெக்கைகள் தட்டைப் பலகைகளாகத்தான் தெரியும். கன அளவு தெரிய வேண்டும் என்பவர்கள் ஃபியூசலாஜ் துண்டுகளை வைத்து மேலே மூடிவிடுகிறார்கள்.

மற்றவர்கள் கட்டிப் பகிர்ந்த விமானங்களை இறக்கிப் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பாடம் இருக்கிறது. யாருடைய விமானத்தை எடுத்து மாற்றிப் பகிர்ந்தாலும், எதிலிருந்து வந்தது என்று மூல விமானத்தைக் கேமே தானாகக் குறித்துவிடும். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு டிசைன் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போய் எப்படி மாறியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். ஒருவர் சக்கரத்தைத் திருத்தியிருப்பார், அடுத்தவர் வாலை. ஆனால் ஆயிரக்கணக்கான பாகங்களில் ஒவ்வொரு ஆணியையும் வைத்துக் கட்டிய விமானங்களுக்குக் கிடைக்கும் கைதட்டல், குறைந்த பாகத்தில் அருமையாகப் பறக்கும் விமானத்துக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நான் எதை இறக்கினாலும் முதலில் பாகங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பேன், அப்புறம் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நேராகப் போகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பெயின்ட்.

சண்டை, பந்தயம், சவால்கள் எல்லாம் உண்டு. அவற்றுக்காக வாங்க வேண்டியதில்லை. ஏடிஆரின் ஒரு விசேஷத்தையும் முழுதாகக் கொண்டுவர முடியவில்லை. வாகைக்குளத்தில் பின்கதவு வழியாக ஏறும்போது கவனித்திருப்பீர்கள், வலது இஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ப்ரொப்பல்லர் மட்டும் அசையாமல் நிற்கும். ஏடிஆருக்குத் தனியாகத் துணை இஞ்சின் கிடையாது. அதனால் ப்ரொப்பல்லருக்கு பிரேக் போட்டுவிட்டு உள்ளே டர்பைனை ஓடவிட்டுத்தான் கரண்டும் ஏசியும் எடுக்கிறார்கள். கேமில் வலது இஞ்சினை ஆக்டிவேஷன் குரூப்பில் (ஒரு பட்டனில் பாகங்களை இயக்கவும் நிறுத்தவும் உதவும் வசதி) போட்டு நிறுத்தி வைக்கலாம், ஆனால் அந்த இரைச்சல் வராது.

கேம் தமிழில் கிடையாது. பட்டன்கள் எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் படங்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஃபங்கி ட்ரீஸுக்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தந்தால் நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதென்றால் எட்டாம் வகுப்புக்கு மேல் சரியாக இருக்கும். அதற்குக் கீழே உள்ளவர்களும் கட்டுவார்கள், ஆனால் ஏன் விழுகிறது என்கிற பேச்சில் சீக்கிரம் சலித்துவிடுவார்கள்.

போனில் வாங்குவதா கம்ப்யூட்டரில் வாங்குவதா என்று கேட்டால், கம்ப்யூட்டர்தான். போனில் கட்டலாம், அக்கா மகன் பஸ்ஸில் போகும்போது கட்டுகிறான். ஆனால் துண்டுகளை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த விரல் தோதுப்படாது, பாகங்கள் சில நூறைத் தாண்டினால் சாதாரண போன் திணறும். பழைய லேப்டாப்பே போதும், கூட ஒரு மவுஸ் வேண்டும். முதலில் ஒற்றை இஞ்சின், மேல்றெக்கை, மூன்று சக்கரம் வைத்த சின்ன விமானம் ஒன்று கட்டுங்கள். அதன் டாங்கியை நிரப்பியும் காலியாக்கியும் சிவப்புப் புள்ளி எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டியதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வள்ளியூர்ப் பக்கம் வந்தால், அண்ணாச்சி வாலிலிருந்து ஆரம்பிப்பார்.